வாயைத் திறக்கும் குறி, வாயை மூடும் குறி

அன்பிலும் அச்சுத் தொழிலிலும் குறைவில்லாத என் அருமை மைத்துனர் அவர்களுக்கு,

தங்கள் அக்காவைக் கைப்பிடித்தவனும், குழாய் மற்றும் குழாய் உதிரிபாகங்கள் வியாபாரியுமாகிய அத்தான் எழுதிக்கொண்டது. இங்கே நானும் தங்கள் அக்காவும் கடையும் எந்தப் பக்கமும் ஒழுகாமல் இருக்கிறோம். அங்கே தாங்களும், வீட்டில் உள்ளவர்களும், தாங்கள் பெற்ற பிள்ளைபோல் பார்த்துக்கொள்ளும் அச்சு இயந்திரமும் அடைப்பில்லாமல் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது என் விருப்பம். தங்கள் முதுகுவலி எப்படி இருக்கிறது என்று அக்கா கேட்கச் சொன்னாள். கேட்டுவிட்டேன்.

மேலே படிப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இதோ இந்த ஒரு சொல்லை மட்டும் பாருங்கள்: “வணக்கம்”. பார்த்தாயிற்றா? இடது பக்கக் குறி சொல்லைப் பார்த்து வளைந்திருக்கிறதா? வலது பக்கக் குறியும் அதே மாதிரி உள்பக்கமாகத் திரும்பி நிற்கிறதா? இது கணினியில் அடித்தது அல்ல. ஆள் வைத்து அடித்தது அல்ல. என் கைப்பேசியில், என் சொந்தக் கட்டைவிரலால், கல்லாவுக்குப் பின்னால் நின்றுகொண்டே அடித்தது. பாராட்டுகளை இப்போதே சொல்ல வேண்டாம், கடைசியில் மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். ‘தாங்கள்’, ‘தங்கள்’ என்று போட்டுக்கொண்டே போனால் விரல் நோகிறது, அதனால் இனிமேல் ‘நீ’ என்றே எழுதுகிறேன், மனதில் வைத்துக்கொள்ளாதே. உன் அக்கா எழுதிய “கல்லாவுக்கு இந்தப் பக்கம்” என்ற புத்தகத்தை உன் அச்சகத்தில் போடுவதாக நீ சொன்ன அன்றைக்கு இந்த வீட்டில் உண்டான சந்தோஷத்தை நான் வர்ணிக்கப் போவதில்லை. இத்தனை காலம் கடையில் உட்கார்ந்து, வருகிறவன் போகிறவன் பேசுவதை எல்லாம் கேட்டு, வாடிக்கையாளர் இல்லாத நேரத்தில் தன் போனில் தட்டித் தட்டி ஒரு புத்தகமே எழுதி முடித்துவிட்டாள் மனுஷி. நான் என்னமோ அவள் வாஷர் கணக்கு எழுதுகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படிப்பட்ட புத்தகத்தை அனுப்பி வைத்தால், நீ என்ன பதில் போட்டாய், ஞாபகம் இருக்கிறதா? “அத்தான், கதை எல்லாம் பிரமாதம். ஆனா மேற்கோள் குறி எல்லாம் நேரா குச்சி குச்சியா நிக்குது, ஜன்னல் கம்பி மாதிரி. புத்தகத்துக்கு வளைஞ்ச குறிதான் வேணும். நீங்க சிரமப்பட வேண்டாம், இங்கே டைப் பண்றவங்ககிட்ட கொடுத்துப் பாத்துக்கறேன்” என்று போட்டாய். அந்த “நீங்க சிரமப்பட வேண்டாம்” இருக்கிறதே, அது எனக்கு எப்படி இருந்தது தெரியுமா? குழாய் மாட்ட வந்தவனிடம் போய் “நீங்க தண்ணியைத் தொட வேண்டாம்” என்று சொன்ன மாதிரி இருந்தது. நேர்க்குச்சிக்கும் வளைந்த குறிக்கும் வித்தியாசம் தெரியாதவனா நான்? நேர்க்குச்சி இரண்டு போட்டால் எங்கள் தொழிலில் அதற்கு இன்ச் என்று அர்த்தம். எல்போ எது, நேர் ஜாயின்ட் எது என்று கண்ணை மூடிக்கொண்டு தடவிச் சொல்கிறவனுக்கு ஒரு குறியை வளைக்கத் தெரியாதா என்று அப்போதே முடிவு பண்ணி, “நானே செய்து தருகிறேன்” என்று பதில் போட்டேன். அந்தப் பதிலிலும் குச்சிதான் இருந்தது, அது வேறு விஷயம்.

முதலில் அந்தக் குறி போனில் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. எழுத்துப் பலகையில் மூலையில் கேள்விக்குறியும் ஒன்று இரண்டு மூன்றும் போட்ட ஒரு பொத்தான் இருக்கிறது. அதைத் தொட்டால் எழுத்தெல்லாம் போய்க் குறிகள் வரும். அங்கே இரட்டைக் குச்சி இருக்கிறது, தட்டினால் குச்சிதான் விழுகிறது, நான் எவ்வளவு அன்பாகத் தட்டினாலும் குச்சி, கோபமாகத் தட்டினாலும் குச்சி. சூட்சுமம் என்னவென்றால் அதைத் தட்டவே கூடாது, அழுத்திப் பிடித்துக்கொண்டே இருக்க வேண்டும். பிடித்தால் தலைக்கு மேல் ஒரு குட்டிப் பெட்டி முளைக்கும். அதற்குள் வளைந்ததும், கீழே தொங்குவதும், அம்பு முனை மாதிரி இருப்பதுமாக ஒரு கூட்டமே நிற்கும். விரலை எடுக்காமல் அப்படியே இழுத்துக்கொண்டு போய், வேண்டியதன் மேல் நிறுத்தி, அங்கே எடுக்க வேண்டும். சொல்வதற்குச் சுலபம். என் கட்டைவிரல் எப்படிப்பட்டது என்று உனக்குத் தெரியும். மரை போட்ட குழாயைத் திருகித் திருகி அதன் தோல் செருப்புத் தோல் ஆகிவிட்டது. நான் அழுத்தினால் போனுக்கு உணர்ச்சி இல்லை, உணர்ச்சி வந்தால் விரல் வழுக்கிப் பக்கத்து அம்பு முனையில் போய் நிற்கிறது. சோப்புப் போட்டுக் கழுவிப் பார்த்தேன். திரையில் ஒட்டியிருந்த கண்ணாடிக் காகிதத்தை உரித்துப் பார்த்தேன். கடைசியில் போன் பழுது பார்க்கிறவரிடம் கொண்டுபோனேன். அவர் அவருடைய விரலால் தொட்டார், குறி பூப்போல வந்தது. “அண்ணே, போன்ல ஒண்ணுமில்ல. கோளாறு உங்க விரல்லதான்” என்றார். “அப்ப விரலை வச்சிட்டுப் போகவா, சாயந்திரம் வந்து வாங்கிக்கவா?” என்று கேட்டேன். மனிதர் சிரித்துவிட்டுக் காசு வாங்கவில்லை.

ஆனால் விடுகிற ஆளா நான்? ஒரு வால்வு திருப்புகிறபோது ஆரம்பத்திலேயே வேகம் காட்டக் கூடாது, பிடி கொடுக்கிற வரைக்கும் காத்திருந்து அப்புறம்தான் திருப்ப வேண்டும். அதே கைப்பதம்தான் இதற்கும் என்று பிடிபட்டது. நுனியால் தொடாதே, விரலின் பக்கவாட்டால் தொடு. பெட்டி முளைக்கிற வரைக்கும் மூச்சை விடாதே. முளைத்ததும் தூக்காமல் நகர்த்து. நின்றதும் எடு. இப்போது நான் போடுகிற வேகத்தைப் பார்த்து, குழாய் வாங்க வந்த பிளம்பர்களே கூட்டம் கூடி நிற்கிறார்கள். எது திறக்கிற குறி, எது மூடுகிற குறி என்பதற்கும் ஒரு வழி கண்டுபிடித்து வைத்திருக்கிறேன். குண்டு கீழேயும் வால் மேலேயும் இருந்தால் திறப்பு, ஆறு ஆறு மாதிரி. குண்டு மேலேயும் வால் கீழேயும் இருந்தால் மூடல், ஒன்பது ஒன்பது மாதிரி. ஒருத்தன் பேச்சுக்குள்ளே இன்னொருத்தன் சொன்னதைச் சொன்னால் அதற்கு ஒற்றைக் குறி. பெரிய குழாயிலிருந்து சின்னக் குழாய்க்கு இறங்குகிற மாதிரி, எங்கள் பாஷையில் ரெடியூசர். உன் ஆட்களுக்கு இப்படி யாராவது விளக்கிச் சொல்லியிருக்கிறார்களா?

நடுவில் ஒரு சின்ன விபத்து நடந்தது, மறைக்க மாட்டேன். ஒவ்வொன்றாக மாற்றுவதற்குப் பதிலாக “எல்லாவற்றையும் மாற்று” என்று ஒரு வசதி இருப்பதைக் கண்டுபிடித்து, ஆகா, மொத்த வியாபாரம் என்று ஒரே அமுக்கு அமுக்கினேன். எல்லாம் வளைந்தது. ஆனால் எல்லாமே திறக்கிற குறியாக வளைந்தது. புத்தகம் முழுக்க ஒவ்வொருத்தரும் வாயைத் திறக்கிறார்கள், ஒருத்தராவது மூட வேண்டுமே! எங்கள் வியாபாரிகள் சங்கக் கூட்டம் மாதிரி ஆகிவிட்டது. அரை இன்ச், முக்கால் இன்ச் என்று அவள் குச்சி போட்டு எழுதியிருந்த குழாய் அளவுகள்கூட வாயைத் திறந்துகொண்டு நின்றன. நல்லவேளை, மூலப்பிரதி உன் அக்கா போனில் பத்திரமாக இருந்தது. மறுபடி அதை வாங்கி முதலிலிருந்து ஆரம்பித்தேன். இந்தத் தடவை இன்ச் குச்சிகளை நேராகவே விட்டுவிட்டேன். பேச்சு வளையலாம், அளவு வளையக் கூடாது. இதை உன் அச்சகத்தில் எழுதி மாட்டினாலும் எனக்கு ஆட்சேபம் இல்லை.

அடுத்து நடந்ததுக்கு நான் பொறுப்பில்ல, கைக்கு வந்த புதுத் தெறமைதான் பொறுப்பு. நல்லா வருதேன்னு கண்ட இடத்துல எல்லாம் போட ஆரம்பிச்சேன். கடை வாசல் பலகைக்கு “தரமான” குழாய்கள் இங்கே கிடைக்கும்னு புதுசா ஒரு வாசகம் போனிலேயே அடிச்சு, அச்சிட்டு ஒட்டினேன். நமக்கு ரொம்ப நாள் வாடிக்கையான ஒரு பிளம்பர் வாசல்ல நின்னு படிச்சார். உள்ளே வராம அங்கேயிருந்தே கேட்டார்: “என்ன முதலாளி, தரமானன்னு நீங்களே சந்தேகமாப் போட்டிருக்கீங்க?” எனக்குப் புரியல. உன் அக்காதான் உள்ளேயிருந்து, “ஒரு சொல்லை மட்டும் அப்படிப் பிடிச்சுத் தூக்கிக் காட்டினா, ஊரு சொல்லுது நான் சொல்லலைன்னு அர்த்தம் ஆயிடும்” என்றாள். இதை முன்னாடியே சொல்லியிருக்கலாம் இல்லையா? அதற்குள் நான் மகளின் மாமனாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து அனுப்பிவிட்டிருந்தேன். “அன்பான” சம்பந்திக்கு எங்கள் “மனமார்ந்த” வாழ்த்துகள். மகள் போன் பண்ணினாள். “ஏம்ப்பா, மாமாவை எதுக்குக் கிண்டல் பண்றீங்க? காலையிலேர்ந்து போனை மடியில வச்சுக்கிட்டு பேசாம உக்காந்திருக்கார்.” நான் நேரில் போய் ஒரு மணி நேரம் சிரித்துப் பேசி, அன்புக்கும் மனதுக்கும் மாட்டின குறிகளைக் கழற்றிவிட்டு வந்தேன். ஆனாலும் அவர் வாசல் வரை வந்து வழியனுப்பும்போது, “வளைவு மட்டும் சுத்தமா இருந்துச்சு சம்பந்தி” என்றார். கேட்டுக்கொண்டாயா?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். கொஞ்சம் கவனமாகப் படி.

நான் அந்தப் புத்தகத்தை முன்னாடி படிக்கவில்லை. படிக்காமலேயே நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டேன், வீட்டுக்காரர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். ஆனால் குறி போடுகிறவன் படிக்காமல் தப்பிக்க முடியாது. நேர்க்குச்சி இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இருக்கிறது, அது திறக்கிறதா மூடுகிறதா என்று அதுவே சொல்லாது. யார் பேச ஆரம்பித்தார்கள், எங்கே நிறுத்தினார்கள் என்று பார்த்துத்தான் வளைக்க வேண்டும். அப்படி ஒவ்வொரு பேச்சுக்கும் வாசல் வைத்து, கதவு வைத்துப் போகப்போகத்தான் உன் அக்கா எப்படிப்பட்டவள் என்று எனக்குத் தெரிந்தது. தண்ணீர்த் தொட்டி வாங்க வந்துவிட்டு மருமகளைப் பற்றி அழுதுவிட்டுப் போன அம்மா, ஒவ்வொரு சாமானையும் மோந்து பார்த்து வாங்குகிற மேஸ்திரி, எல்லாரும் அப்படியே நின்று பேசுகிறார்கள். நானும் வருகிறேன். நான் வந்தால் திறக்கிற குறி போட்ட பிறகு மூடுகிற குறியைத் தேடிப் பக்கம் பக்கமாகப் போக வேண்டியிருக்கிறது. “நான் இவ்வளவா பேசறேன்?” என்று கேட்டேன். “பாதியைக் குறைச்சுத்தான் போட்டிருக்கேன்” என்றாள்.

அப்படிப் போய்க்கொண்டிருந்தபோது அந்தப் பக்கம் வந்தது. எந்தப் பக்கம் என்று உனக்கே தெரியும். எதிர்ச் சாரியில் நாலு மாடியில் பெரிய கடை திறந்தார்களே, அதன் முதலாளி நம் கடையை வாங்கிக் கிடங்கு ஆக்குவதற்காகக் கைப்பெட்டியோடு வந்து உட்கார்ந்த நாள். அப்போது நமக்கு ஈ ஓட்டுகிற வியாபாரம். நான் ஏணியில் நின்று அலமாரிக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தேன், உன் அக்கா கல்லாவில். நீ கூட கல்லூரி விடுமுறைக்கு வந்து, பி.வி.சி. கட்டின் மேல் உட்கார்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தாய். ஒரு ரசீது கிழித்துக் கொடுத்தவனா நீ? அதை விடு. கடையில் இரண்டு மூன்று பிளம்பர்கள் வேறு நிற்கிறார்கள். அந்த மனிதர் பெட்டியைத் திறந்து ஒரு தொகையைச் சொன்னார். அப்போது வந்தது அந்த வரி:

“கடை விற்பனைக்கு இல்ல. குழாய் வேணும்னா சொல்லுங்க.”

பிளம்பர்கள் சிரித்த சிரிப்பில் அவர் பெட்டியை மூட மறந்துபோய் அப்படியே தூக்கிக்கொண்டு போனார். அன்று சாயங்காலமே அந்த வரி வேலை நடக்கிற இடமெல்லாம் பரவி, சும்மாவாவது நம் கடையைப் பார்க்க வேண்டும் என்று ஆட்கள் வந்தார்கள். வந்தவர்கள் வாங்கினார்கள். கடை நின்றது அந்த வரியால்தான். அதை நான் சொல்லாத கல்யாண வீடு இல்லை, சங்க மேடை இல்லை. மச்சான், மனதில் பட்டதைச் சொல்கிறேன். எங்கள் கடையில் இருக்கிற எல்லாச் சரக்கும் எவனோ செய்தது, நான் வாங்கி விற்கிறேன். வால்வு செய்தவன் ஒருத்தன், குழாய் செய்தவன் ஒருத்தன். நானே செய்த சரக்கு என்று என்னிடம் இருப்பது ஒன்றே ஒன்று, அந்த வரி.

இப்போது உன் அக்கா எழுதியிருப்பதைப் பார். அவர் தொகையைச் சொல்கிறார். நான் ஏணியிலிருந்து, “இருங்க, இறங்கி வர்றேன்” என்கிறேன். அதற்கு முன்னால் குச்சி இருக்கிறது, பின்னால் குச்சி இல்லை. அடுத்து, புது வரியில், அந்த வரி. அதற்கு முன்னால் குச்சி இல்லை, பின்னால்தான் இருக்கிறது. யார் சொன்னது என்று பெயரும் இல்லை. அடிக்கிற நேரத்தில் யாரோ வாடிக்கையாளர் வந்து கூப்பிட்டிருக்க வேண்டும், நடுவில் ஒரு ஜோடி குறி விட்டுப்போயிற்று. அப்படியே விட்டால் இரண்டும் சேர்ந்து என் பேச்சு. நடுவில் ஒரு மூடுகுறியும் ஒரு திறகுறியும் போட்டால் சொன்னது வேறு ஆள். ஒவ்வொரு ஆள் வாயைத் திறக்கும்போதும் புது வரியில் தொடங்குவது அவள் வழக்கம், அதுதான் எனக்கு உறுத்தியது. போய்க் கேட்டேன். வாஷர் எண்ணிக்கொண்டிருந்தாள்.

“இந்த இடத்துல குறி விட்டுப்போச்சு. யார் பேசறது?”

“அன்னைக்கு நீங்களும்தானே இருந்தீங்க? பாத்துப் போடுங்க.”

தலையை நிமிர்த்தவில்லை. “நீங்கதானே இருந்தீங்க” என்றால் சரி. “நீங்களும்தானே” என்றால் என்ன அர்த்தம்? அந்த ‘உம்’ என் காதில் கொசு மாதிரி சுற்ற ஆரம்பித்துவிட்டது. கல்லாவில் இருந்தவள் அவள். தன் வாயால் சொன்னதை நான் இத்தனை காலம் என் வாயால் விற்றுக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லாமல் சொல்கிறாளா? சாப்பிடும்போது பார்க்கிறேன், முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. கொத்தனார் மட்டப்பலகை மாதிரி வைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்கோ அந்த வரியைச் சொன்னது அப்படியே ஞாபகம் இருக்கிறது. என் குரலில், என் ஏற்ற இறக்கத்தோடு காதில் கேட்கிறது. ஆனால் அது அன்றைக்குச் சொன்ன குரலா, அப்புறம் கல்யாண வீடுகளில் சொன்ன குரலா என்று பிரித்துப் பார்க்க முடியவில்லை. நீயும் அங்கேதான் இருந்தாய், ஆனால் செய்தித்தாளுக்குப் பின்னால் இருந்தவனைச் சாட்சிக்குக் கூப்பிட்டு என்ன பிரயோஜனம்?

பெட்டி முளைக்கிற வரைக்கும் விரலை வைத்தேன், எடுத்தேன். மறுபடி வைத்தேன். கடைசியில் ஒரு வியாபாரியாக முடிவு எடுத்தேன். ஒரு சரக்கை இத்தனை காலம் தன் கடையில் வைத்து, தூசி தட்டி, ஊரெல்லாம் கொண்டுபோய்ச் சேர்த்தவனுக்கு அதில் பாத்தியதை உண்டு. அதனால் புது வரியை எடுத்துவிட்டு இரண்டையும் சேர்த்து, முன்னால் ஒரு திறப்பு, கடைசியில் ஒரு மூடல் என்று போட்டு முடித்துவிட்டேன். நடுவில் ஒன்றும் இல்லை. சுத்தமான வேலை, ஒரு சொட்டுக் கசியாது.

ஆகவே மச்சான், இத்துடன் அனுப்பும் பிரதியில் ஒரு குறியைக்கூட நீயோ உன் ஆட்களோ தொடக் கூடாது. குறிப்பாக அந்தப் பக்கத்தில். உன் அக்காவிடம் அதைப் பற்றி எதுவும் கேட்காதே, எழுத்தாளர்களைச் சின்ன விஷயத்துக்கெல்லாம் தொந்தரவு செய்யக் கூடாது. அச்சுக்கு முந்தைய பிரதியை நேராக என் போனுக்கு அனுப்பு. புத்தக வெளியீட்டு விழாவில் யாரையாவது ஒரு பக்கம் வாசிக்கச் சொல்வது என்றால் அந்தப் பக்கத்தையே வாசிக்கச் சொல். நான் முன்வரிசையில் இருப்பேன்.

உன் இயந்திரம் மை சிந்தாமல் ஓடட்டும், உன் பிள்ளைகள் உன்னைவிட வேகமாகப் பதில் போடுகிறவர்களாக வளரட்டும், வீட்டுக்காரியின் கோபம் வந்த வேகத்தில் வடிந்து போகட்டும், உன் முதுகு நிமிரட்டும் என்று மனதார ஆசீர்வதிக்கிறேன். அனைவருக்கும் எங்கள் அன்பு. குறி எதுவும் போடாத, அசல் அன்பு.

இப்படிக்கு,
உன் அத்தான்

பின்குறிப்பு: மேலே எழுதினதை அனுப்பறதுக்கு முன்னாடி ஒரு முட்டாள்தனம் பண்ணிட்டேன். குறி எல்லாம் இவ்வளவு அழகா வந்திருக்கே, ஒரு ஆளுக்காவது காட்ட வேண்டாமான்னு, உள்ளே என்ன எழுதியிருக்கோம்ங்கறதையே மறந்து உன் அக்கா கையில போனைக் கொடுத்துட்டேன். “பாரு, ஒண்ணாவது கோணலா இருக்கா?” அவள் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு முதல் வரியிலேர்ந்து படிச்சாள். எங்கே படிக்கிறாள்னு தெரிஞ்சதும் நான் பிடுங்கப் பார்த்தேன், விடல. படிச்சு முடிச்சுட்டுக் கண்ணாடியைக் கழட்டினாள்.

“நான் சொன்னேன்னா நெனச்சீங்க?”

“பின்னே இல்லையா?”

“நானா? அந்த ஆள் தொகையைச் சொன்னதும் பயத்துல கல்லாவைப் பூட்டிட்டுச் சாவியை எங்கே போட்டேன்னு தேடிட்டிருந்தேன்.”

எனக்கு வந்த தெம்பு இருக்கே! “அப்ப நான்தான்! நான் அப்பவே சொன்னேன்ல?”

“நீங்க எப்படிச் சொல்வீங்க? ‘இருங்க, இறங்கி வர்றேன்’னு சொல்லிட்டு, ஏணியைப் பிடிக்கறதுக்காகக் கையில இருந்த ஸ்க்ரூவை எல்லாம் வாயில போட்டுக்கிட்டீங்க. வாயைத் திறந்திருந்தா முழுங்கியிருப்பீங்க.”

“நானும் இல்ல, நீயும் இல்லன்னா அப்ப யாரு, குழாயா பேசுச்சு?”

“என் தம்பி. பேப்பரை விட்டுத் தலையைக்கூடத் தூக்கல. பக்கத்தைத் திருப்பிக்கிட்டே சொன்னான்.”

மச்சான், நான் அப்படியே பெயின்ட் டப்பா மேல உக்காந்துட்டேன். என் கடையில நானே செஞ்ச ஒரே சரக்குன்னு நெனச்சேனே, அதையும் வாங்கித்தான் வித்திருக்கேன். இத்தனை கல்யாண வீட்டுல நான் சொல்லும்போது நீயும்தானே எதிர்ல உக்காந்து கேட்ட, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? உனக்கே ஞாபகம் இல்லையா, இல்ல பெருந்தன்மையா? “நீயாவது சொல்லியிருக்கலாமே, ஏன் சொல்லல?”ன்னு உன் அக்காவைக் கேட்டேன்.

“நீங்க சொல்லும்போது நல்லா இருந்துச்சு” என்றாள். “அவன் சொன்னப்ப இவ்வளவு நல்லா இல்ல.”

போனைத் திரும்ப வாங்கி அந்தப் பக்கத்தைத் திறந்தேன். மேலே சேர்த்து வச்சிருக்கிற பிரதியைப் பாக்காதே, அழிச்சிடு. இப்ப அனுப்பறதுதான் சரியான பிரதி. பழையபடி வரியைப் பிரிச்சு, என் பேச்சை ‘இறங்கி வர்றேன்’லயே மூடிட்டேன். அடுத்த வரியில, ‘பேப்பருக்குப் பின்னாலேர்ந்து என் தம்பி சொன்னான்’னு உன் அக்கா சொல்லச் சொல்ல அடிச்சு, உன் பேச்சுக்குத் தனியா ஒரு திறப்பு, தனியா ஒரு மூடல் போட்டிருக்கேன். புத்தகத்துல இருக்கிறதுலயே அந்த ஜோடிதான் ரொம்பச் சுத்தமா விழுந்திருக்கு, விரல் ஒரு தடவைகூட வழுக்கல. அச்சுல வந்ததும் விழாவுக்கு வர்ற ஒவ்வொருத்தர்கிட்டயும் அந்தப் பக்கத்தைப் பிரிச்சு நானே காட்டுவேன். வரி உன்னோடதா இருக்கலாம், மச்சான். அதைத் திறந்து மூடினது நான்.